மூன்று வரித் திருத்தம்

காலை ஆறு மணி இருபது நிமிடம். பூப்பாறைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் நான் முதலில் பார்த்தது ஒரு வெள்ளைக்காரரின் முதுகை. அந்த முதுகில் பழைய நூல் புடவையால் கட்டிய கைக்குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து ஒரு கறுப்பு வெள்ளை மாட்டைக் கறந்துகொண்டிருந்தார். அவர் கை அசைவுக்கு ஏற்பக் குழந்தையின் தலை மெல்ல ஆடியது. மழை விட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். கொட்டகைத் தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மதுரையிலிருந்து வரும் ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் தேவிகுளத்தில் பகுதிநேர நிருபர். மண் சரிந்த சாலையைப் பார்க்க வந்து, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, பூப்பாறையில் தங்கியிருந்தேன். டீக்கடைக்காரர்தான், "மேல போய்ப் பாருங்க சார், சாணி அள்ளுற தொரை ஒருத்தரு இருக்காரு" என்றார்.

தோட்டத்தில் துரை என்றால் மானேஜர். பங்களாவும் ஜீப்பும் உள்ளவர். ஆள் தமிழரோ மலையாளியோ, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் துரை. இவரை லைன் வீடுகளில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், இருந்த பெண்கள் அப்படிக் கூப்பிட்டது வெறும் கேலி. பால் வாங்க அவர்கள் தூக்கோடு வந்து நின்ற ஐந்து நிமிடத்தில் எனக்கு அது தெரிந்துவிட்டது.

"என்ன தொரை, இன்னைக்குப் பாலு தண்ணியாக் கெடக்கு?"

"நான் ஊத்தலக்கா. மழை ஊத்துச்சு."

"அப்ப மழையவும் நீங்கதான் கறந்தீகளாக்கும்!"

அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். குழந்தை விழித்துக்கொண்டது.

அவர் தமிழ் முழுக்க அந்த லைன் வீடுகளில் கற்றது. ஹாலந்துக்காரரா என்று கேட்டேன். பாஸ்போர்ட்தான் ஹாலந்து, தான் ஃப்ரீஸ்லாந்து, தங்கள் பாஷையே வேறு, ஃப்ரீசியன் என்றார். ஃப்ரீசியன் என்பது மாட்டின் பெயரல்லவா என்று கேட்டேன். இதைக் கேட்ட முதல் ஆள் நான் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"மாடும் நானும் ஒரே ஊரு தம்பி. மாட்டுக்குத்தான் இங்க மரியாத ஜாஸ்தி. அதுக்கு வருசா வருசம் பர்மிட் புதுப்பிக்க வேண்டாம்."

ஏதோ ஒரு திருச்சபை நன்கொடையாக அனுப்பிய கிடாரிகளோடு, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகக் கப்பலில் வந்தவர் அவர். ஆறு மாதத்தில் திரும்பியிருக்க வேண்டும். தோட்டத்து மருந்தகத்தில் நர்ஸாக இருந்த, கங்காணி ஒருவரின் மகளான தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். கணவர் என்ற முறையில் இருக்கலாம், எந்த வேலையிலும் சேரக்கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. அதனால் மாடுகள் மனைவி பெயரில் இருந்தன. மனைவி ஏழு மணிக்கு மருந்தகத்துக்குப் போவார். சமைப்பது, துவைப்பது, மூன்று பெண் பிள்ளைகளைப் பார்ப்பது எல்லாம் இவர். அன்று காலை மூத்த பெண்கள் இருவருக்கும் வகிடு எடுத்துச் சடை பின்னியதைப் பார்த்தேன். இரண்டாவது பெண் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கோணிப்போன வகிட்டை அவர் பொறுமையாக இரண்டு முறை கலைத்து எடுத்தார்.

பிள்ளைகள் அவரை 'ஹைட்' என்று கூப்பிட்டார்கள். ஃப்ரீஸ்லாந்து பாஷையில் அப்பா. அவர் பிள்ளைகளிடம், "மெம் கிட்ட போ", "மெம் எங்க?" என்பார். மெம் என்றால் அந்தப் பாஷையில் அம்மா. லைன் வீட்டுக்காரர்களுக்கு அது 'மேம்' என்று கேட்டது. பங்களாவில் இருக்கும் வெள்ளைக்கார அம்மாவுக்குத்தான் அங்கே மேம் என்று பெயர். "கங்காணி மக மேமாயிட்டா பாத்தியா" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. நான் அவரிடம் விளக்கம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்: ஹைட், அப்பா. மெம், அம்மா. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கட்டுரையின் தலைப்பு 'ஏலமலையில் இன்னும் ஒரு துரை'. தலைப்பையும் நானே எழுதினேன், ஆசிரியர் குழுவின் மேல் அதைப் போட முடியாது. வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடம் கழித்தும் என்று தொடங்கி, தோட்டத் தொழிலாளர்கள் அவரைத் துரை என்றே அழைப்பதாகவும், தமிழ் மனைவியை அவர் மேம் என்றே குறிப்பிடுவதாகவும் எழுதினேன். இரண்டும் என் காதால் கேட்டவை. முதுகில் குழந்தை இருந்ததை எழுதவில்லை. சடையை எழுதவில்லை. நோட்டில் இருந்த அர்த்தங்களையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது துரையைப் பற்றிய கட்டுரையாக இருந்திருக்காது. வீட்டுவேலை செய்யும் ஓர் அப்பாவைப் பற்றிய கட்டுரையை மதுரையில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மதுரையில் கவனிக்கப்பட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே குறி.

கவனித்தார்கள். அலுவலகத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும்படி அதில் ஒரு வரி இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவரும் மனைவியும் தேவிகுளத்தில் என் அறைக்கு வந்தார்கள். மதியம். குழந்தை இப்போது மனைவியின் இடுப்பில் இருந்தது. அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் யாரோ என் கட்டுரையை வெட்டி அவருடைய ஃபைலில் வைத்திருந்தார்கள். அங்கிருந்த மலையாளி அதிகாரி, "தொர எந்நு வச்சா மானேஜரல்லே?" என்று கேட்டிருக்கிறார். துரை என்றால் மானேஜர்தானே? மானேஜர் என்றால் வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். வேலை பார்த்தால் அனுமதி கிடையாது. அது கேலிப் பெயர் என்று மனைவி சொன்னதற்கு, பத்திரிகையில் அப்படிப் போடவில்லையே என்று பதில் வந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் மறுப்பு ஏதாவது அச்சில் வந்தால் கொண்டு வரலாம். இல்லையென்றால் அவர் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

"நீங்க எழுதினதுல ஒண்ணும் பொய் இல்ல சார்" என்றார் மனைவி. "அதான் என்ன பண்றதுன்னு தெரியல."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மூத்த மகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகியவர். மூன்று வரியை அவரே எழுதியிருந்தார்.

'துரை என்பது கேளிப் பெயர்.
எனக்கு வேலை இல்லை.
மெம் என்றால் என் பாஷையில் அம்மா.'

"இது போதுமா தம்பி? பெருசா வேணாம். மூலையில எங்கயாச்சும் போட்டாப் போதும்."

போதும் என்றேன். பேனாவை எடுத்து 'கேளி'யை அடித்துக் 'கேலி' ஆக்கினேன். அன்று மாலைத் தபாலிலேயே அனுப்பிவிடுவதாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருந்தது. எந்தத் துரைக்கும் அப்படிக் கை இருக்காது என்று அப்போதே தோன்றியது.

நான் அனுப்பவில்லை. நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி மதுரையிலிருந்து அடுத்த நாள் கடிதம் வந்தது. வேலைக்கு வரப்போகிறவன், தான் எழுதிப் பாராட்டு வாங்கிய கட்டுரைக்கே திருத்தம் அனுப்புவதா என்று யோசித்தேன். தேர்வு முடிந்ததும் அனுப்பலாம் என்று வைத்தேன். தேர்வு முடிந்தது. மாதத்தில் இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அப்போதும் அனுப்பவில்லை. இதற்கு என்னிடம் காரணம் இல்லை. பல வருடம் தேடியும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் மூத்த பெண் தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை வைத்துப் பார்த்தாளாம். டீக்கடைக்காரர் சொன்னார். நான் அந்த வழியாகப் போனபோது, "பாப்பாவுக்கு என்னமோ வரணுமாமே, போட்டாச்சா சார்?" என்று கேட்டார்.

"அனுப்பிட்டேன். அவங்க போடலை போல."

அவரும் அதை நம்பி மேலே போய்ச் சொல்லியிருக்கிறார். மனைவி எனக்கு ஒரு அஞ்சலட்டை எழுதினார். முயற்சி செய்ததற்கு நன்றி என்று இருந்தது.

கணவர் நாட்டை விட்டுப் போன நாளன்று நான் அங்கே இல்லை. பால் வாங்கும் பெண்கள் பேருந்து நிறுத்தம்வரை வந்தார்களாம். எந்த மாடு உதைக்கும், எதற்குக் கழுத்தைத் தடவினால்தான் பால் இறங்கும் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே நடந்தாராம். அன்றைக்கு ஒருத்தியும் அவரைத் தொரை என்று கூப்பிடவில்லை. அண்ணே என்றார்கள்.

மனைவி விடவில்லை. மருந்தக டாக்டரிடமும் தோட்ட மானேஜரிடமும் சான்று வாங்கினார். விடுப்பு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறினார். கணவருக்கு மறுபடி அனுமதி கிடைக்க ஒன்றேமுக்கால் வருடம் ஆனது. திரும்பி வந்த பிறகு அவர் அந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை, மூன்று பெண்களுக்கும் அங்கேயே கல்யாணம் செய்துவைத்தார், அங்கேயே இறந்தார் என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டவை. நான் பார்த்தது அவர் திரும்பி வந்த நாளை மட்டும். அதையும் பார்க்க வேண்டும் என்று போகவில்லை.

அப்போது நான் மதுரையில் நிரந்தர வேலையில் இருந்தேன். தேவிகுளத்தில் ஒரு செய்தியை முடித்துவிட்டு, பூப்பாறையில் இறங்கிப் போடி பேருந்தைப் பிடிப்பதற்காக வந்துகொண்டிருந்தேன். என் பேருந்து நின்றபோது பகல் பதினொன்றே கால். போடியிலிருந்து வந்த பேருந்து எங்களுக்கு முன்னால் நின்றிருந்தது. அதிலிருந்து அவர் இறங்கினார். முடி குறைந்திருந்தது. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் காகிதம் சுற்றிய ஒரு மரப் பொம்மை.

அம்மாவோடு காத்து நின்ற மூத்த பெண்கள் இருவரும் "ஹைட்" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கடைசிக் குழந்தையைப் பார்த்துக் குனிந்து, பொம்மையை நீட்டினார். அவர் போகும்போது அதற்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அவர் இல்லாத நாட்களில் லைன் வீடுகளில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் பழைய பெயரில்தான் பேசியிருப்பார்கள். குழந்தை அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றது. அது என் ஜன்னலுக்கு நேர் கீழே.

"அம்மா, தொரை வந்திருக்காக" என்றது.

கண்டக்டர் பூப்பாறை இறங்குகிறவர்களைக் கூப்பிட்டார். என் டிக்கெட் பூப்பாறை வரைதான். நான் அடுத்த ஊரான சாந்தன்பாறைக்கு இன்னொரு டிக்கெட் வாங்கினேன்.