பொன்னுத்தாய் அக்காவின் ஐந்து ருஃபியா

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூனா விமான் நகரில் பல் மருத்துவர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால் பொன்னுத்தாய் அக்காவின் மகள் தீபாவின் குரல் பதிவு.

"அங்கிள், அம்மா காலைல எக்ஸ்பயர் ஆயிட்டாங்க. ஹார்ட். ஹாஸ்பிடல் போக டைமே கிடைக்கல. உங்க க்ரூப்ல எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க, ப்ளீஸ்."

மரத்துப்போன வாயோடு ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். பாதிப் பேருக்கு நான் பேசியது புரியவில்லை. அப்படிப்பட்ட செய்தியை இரண்டு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

திருமதி பொன்னுத்தாய் அவர்கள் தூத்துக்குடியில் பிறந்து, திருமணமாகிப் பூனாவுக்கு வந்தவர். கட்கியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, கணவரை இழந்து, ஒரே மகள் தீபாவைப் படிக்கவைத்து ஆளாக்கினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் சேர்க்கத் தொடங்கியது ஒன்றே ஒன்றைத்தான்: மாலத்தீவின் பழைய ரூபாய் நோட்டுகள், அவர்கள் மொழியில் ருஃபியா. நம் நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி அந்தக் குட்டி நாடு அச்சிட்டவை. தென்னை மரமும் பாய்மரப் படகும் போட்டிருக்கும். அவருடைய தந்தை தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு அந்தத் தீவுகளுக்குப் போய் வந்தவர்.

மாதத்தின் முதல் ஞாயிறு கேம்ப் பகுதியில் ஒரு தேநீர்க் கடை மாடியில் கூடும், பணத்தாள் சேகரிக்கும் எங்கள் தமிழ்க் குழுவில் பத்துப் பேர். பெண் அவர் ஒருவர்தான். முதல் நாளே வடையோடு மாசிக் கருவாட்டுச் சம்பலையும் கொண்டுவந்து வைத்தார். சைவக்காரர்கள் இருவர் நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துக்கொண்டார்கள். "வாடை நோட்டுல ஒட்டாது, பயப்படாதிய" என்று சிரித்தார்.

நோட்டைப் பார்ப்பதில் அவர் கறார். நைந்த நோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டுப் புதிது என்று விற்பது எங்கள் உலகத்தில் பெரிய மோசடி. நடைபாதைக் கடைக்காரர் ஒருவர் அப்படி ஒன்றை நீட்டியபோது, "அஹோ தாதா, நோட் ஆஹே கீ பாப்பட்?" என்று மராத்தியில் கேட்டார். நோட்டா அப்பளமா என்று அர்த்தம். அந்த மனிதரே சிரித்துவிட்டார்.

அவரைப் பார்த்துத்தான் நானும் மாலத்தீவு நோட்டுகளில் இறங்கினேன். இதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இனி சொல்லப்போவது அதைவிட மோசமானது.

ஆண்டு விழா ஞாயிறன்று எங்களிடம் உள்ளதிலேயே சிறந்த நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து நடுமேசையில் நிறுத்துவோம். உரியவர் அதன் கதையைச் சொல்வார். எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வது நான். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பதவி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு வருடம் என்னுடைய ஐந்து ருஃபியாவை வைப்பதாக இருந்தேன். கிடைப்பதற்கு அரியது. பல வருடம் அலைந்து பிடித்தது. நடுவில் ஒரு மடிப்பு மட்டும் உண்டு.

விழாவன்று அக்கா எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒன்றை என் முன்னால் வைத்தார். அதே ஐந்து ருஃபியா.

"எங்கப்பா கொண்டாந்தது தம்பி. படகு படம் இருக்குன்னு மாத்தாமலே வச்சிருந்தாவ. மத்ததெல்லாம் சேர்ந்த பெறகு காட்டலாம்னு இருந்தேன்."

கையில் எடுத்தேன். தாள் மொரமொரவென்று இருந்தது. கட்டை விரலுக்கு அடியில் மை மேடாகத் தட்டுப்பட்டது. துவைத்த நோட்டில் அந்த மேடு தங்காது. ஒரு மடிப்பும் இல்லை. வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டுக்கொள்ள எனக்கு இப்போது யோக்கியதை இல்லை.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். "துவைச்சுத் தேச்சிருக்காங்கக்கா. ஆல்பத்துக்கு ஆகாது" என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் வாடியது. "எங்கப்பா அப்படிச் செய்ய மாட்டாவளே" என்றார். பிறகு அவரே சொன்னார்: "அப்ப எங்கம்மாதான் துவைச்சிருப்பா. கண்ணுல பட்டதையெல்லாம் துவைப்பா. நீங்க சொல்லுதீய, சரியாத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் நோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. முதலில் கை தட்டியவர் அக்கா.

அதற்குப் பிறகும் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார். அந்த நோட்டைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

காரியம் முடிந்த பிறகு அக்காவின் கட்கி வீட்டுக்குப் போனேன். தீபா ஒரு ஃபைலை எடுத்து வந்தாள். பள்ளிச் சான்றிதழ், கணவரின் இறப்புச் சான்றிதழ், அவற்றோடு அந்த ஐந்து ருஃபியா. பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டிருந்தது.

"ஜெராக்ஸ் கடைல பண்ணிட்டு வந்தாங்க அங்கிள். ஆல்பத்துக்கு ஆகாதுன்னு தம்பி சொல்லிட்டாவ, மழை ஈரத்துலயாவது கெடாம இருக்கட்டும்னு சொன்னாங்க."

சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒன்றாகிவிடும். உரித்தால் தாளும் சேர்ந்து வரும். எத்தனையோ வருடம் ஒரு கீறல் இல்லாமல் இருந்த நோட்டை என் ஒரு வாக்கியம் தீர்த்துவிட்டது. தீபாவிடம் ஒன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

எங்கள் குழுவின் செய்திமடலுக்கு அஞ்சலியாக இதுவரை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. தீபாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதியிருக்கிறேன்.

நேற்றுக் காலை பாணேரில் அவள் வீட்டுக்குப் போய், எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வயிறு எரிந்தது என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"அப்படின்னா? ஜெலஸியா, அங்கிள்?"

"ஆமாம்மா."

முழுவதும் கேட்டாள். பிறகு, கோபம்கூட இல்லாமல் கேட்டாள்: "அம்மாகிட்டயே சொல்லிருக்கலாம்ல அங்கிள்? எத்தனை சண்டே இருந்துச்சு."

தாள்களை மடித்துக்கொண்டு நின்றேன். வாசல் வரை வந்து லிஃப்ட் பொத்தானை அவள்தான் அழுத்தினாள்.

அக்கா, அது நல்ல நோட்டு. தொட்ட அந்த நிமிடமே எனக்குத் தெரியும். போய் வாருங்கள்.