ஒன்றரை மணிச் சூரியன்

எழுபதுகளின் நடுவில், ஒரு அக்டோபர் மாதம் நடந்தது இது. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் நாங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அந்த வீட்டுக்கு ஒரே போன்தான். என் கணவருக்கு ஆபீஸில் கொடுத்தது. தெருவில் பாதிப் பேர் தங்கள் விலாசத்துக்குக் கீழே எங்கள் நம்பரைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதிக்கொள்வார்கள். யாருக்காவது அழைப்பு வந்தால் நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குரல் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தெருவின் நல்லது கெட்டது எல்லாம் முதலில் என் காதுக்குத்தானே வருகிறது.

கீழ்ப் போர்ஷனில் இருந்தவரைக் 'கீழாத்து மாமி' என்றுதான் நான் கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். குழந்தைகள் இல்லை. அவருடைய கணவர் கம்பெனிப் பயிற்சிக்காக லண்டன் போன இடத்தில் மாரடைப்பு வந்து, அங்கேயே ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. நல்லவேளையாகக் கணவரின் அக்கா பிள்ளை அங்கே வேலையில் இருந்தான். ஆபரேஷன் முடிந்ததும் எங்கள் நம்பரில் பேசுவதாகத் தந்தி கொடுத்திருந்தான். மூன்று நாளாக மாமி எங்கள் மாடிப்படியை ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தார்.

நவராத்திரி நேரம் வேறு. மாமி அந்த வருஷம் கொலு வைக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் படி கட்டியிருந்தேன். போன் இருந்த ஸ்டூல் அதற்குப் பக்கத்திலேயே.

நாலாம் நாள் மத்தியானம், மாமி தி. நகரில் இருந்த நாத்தனாரிடம் நிலவரம் சொல்லிவிட்டு வரக் கிளம்பிப் போனார். அவர் பஸ் ஏறி அரை மணி ஆகியிருக்காது. மணி ஒன்றரை இருக்கும். சுண்டலுக்குக் கடலையை வடிகட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"லண்டன் கால், பேசுங்க" என்றார் டிரங்க் ஆபரேட்டர் பெண். ஈரக் கையோடு ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டேன். பையன் குரல் வந்தது. ஆனால் கூடவே ஒரு இரைச்சல். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல, ஆனால் நிற்காமல். குரல் ஒரு கணம் மேலே வரும், மறுபடி இரைச்சலுக்குள் போய்விடும். "மாமா" என்றான். பிறகு இரைச்சல். "போயிட்டார்" என்றான். மறுபடி இரைச்சல். "மாமியைத் தைரியமா இருக்கச் சொல்லுங்கோ" என்பது மட்டும் முழுசாகக் கேட்டது.

என் வாய் தானாக "சரி, சரி" என்றது. அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தான். 'ஹலோ ஹலோ' என்று நான் கத்தியதற்கு நம்மூர் ஆபரேட்டர்தான் பதில் சொன்னார்.

"ஒண்ணும் கேக்கலம்மா. லைன் போயிடுச்சு."

அந்த 'போயிடுச்சு' கூட என்னைக் குத்தியது. ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒரு மனிதரைப் பற்றிப் 'போயிட்டார்' என்று சொன்னால் நம்மிடையே அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். திரும்பக் கூப்பிட அந்தப் பையனின் நம்பர் என்னிடம் இல்லை. மாமியைக் கேட்டால்தான் கிடைக்கும். எப்படிக் கேட்பது? என் கணவரோ ஆபீஸ் வேலையாக வெளியூர் கேம்ப்பில் இருந்தார்.

எனக்குப் பொதுவாகவே வயிற்றில் ஒரு விஷயம் தங்காது. அன்றைக்கு அது கல்லாக உட்கார்ந்துகொண்டது. நிச்சயமாகத் தெரியாமல் சொல்லக்கூடாது என்று ஒரு மனசு. தெரிந்தும் மறைக்கிறாயே என்று இன்னொரு மனசு. ஆபரேட்டரையே மறுபடி கேட்கலாமா என்று மூன்று தடவை ரிசீவரை எடுத்து, மூன்று தடவையும் வைத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஏழெட்டுப் பெண்கள் கொலு பார்க்க வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியும் தி. நகரிலிருந்து நேராக மாடிக்கே வந்துவிட்டார். "போன் வந்துதா?" என்று கண்ணாலேயே கேட்டார். நான் பார்க்காத மாதிரி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டேன்.

வரிசையாகக் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டே வந்தேன். மாமி முன்னால் வந்தேன். மாமி விரலை நீட்டினார். என் கை நின்றது. நான் யோசித்துச் செய்யவில்லை, இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். சிமிழ் அவரைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் போய்விட்டது. மாமிக்கு வெற்றிலை பாக்கை மட்டும் மடியில் வைத்தேன். நீட்டிய விரலை மாமி மெதுவாக மடக்கித் தலைப்பைச் சரி செய்துகொண்டார். வேறு யாரும் கவனிக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு மாமி மாடிப்படியில் நின்று கேட்டார்.

"போன் வந்துதோல்லியோ?"

"வந்தது மாமி. லைன் சரியில்லை. ஒண்ணும் புரியலை."

மாமி என் முகத்தையே பார்த்தார். பிறகு இறங்கிப் போனார்.

மறுநாள் பதினோரு மணிக்கே மாமி மேலே வந்து, போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய குங்குமம். காபி கொடுத்தேன், ஆறிப்போனது. நான் பூத்தொடுப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது.

மறுபடி அதே ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. மாமியே எடுத்தார். நான் தள்ளி நின்ற இடத்துக்கே அந்தப் பாழாய்ப்போன இரைச்சல் கேட்டது.

"ஒண்ணுமே கேக்கலையேடா. மாமா இருக்காரா? அது ஒண்ணை மட்டும் சொல்லு. இருக்காரா?" மாமி திரும்பத் திரும்ப இதையேதான் கேட்டார். இரைச்சல் இன்னும் பெருகியது. மாமி கையிலிருந்து ரிசீவர் நழுவியது. நான் பிடித்துக்கொண்டு ஆபரேட்டரிடம் கெஞ்ச ஆரம்பித்தேன். நேற்றும் இப்படித்தான், இதே நேரம்தான், உயிர் போகிற விஷயம் என்று ஏதேதோ சொன்னேன்.

நேற்றுப் பேசிய அதே பெண்தான் போலிருக்கிறது. "இருங்கம்மா, வெளிநாட்டு லைன் பம்பாய் வழியாத்தான் வருது, அங்க கேக்கறேன்" என்றார். சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தார்.

"இதுல யார் தப்பும் இல்லையாம், அம்மா. இந்த வாரம் பூரா, இந்த நேரத்துக்குச் சில நிமிஷம் சூரியன் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்துடுதாம். நம்ம ஆன்டெனா சேட்டிலைட்டைப் பாக்கும்போது சூரியனையும் சேத்துப் பாக்குது. அந்த இரைச்சல் சூரியனோடதுதான். அவங்க பேசறது நமக்குக் கேக்காது. நீங்க பேசறது அவங்களுக்குக் கேட்டிருக்கும். பத்து நிமிஷத்துல விலகிடும். அவங்களை லைன்லயே இருக்கச் சொல்லிட்டேன். ரிசீவரை வெச்சுட்டுப் பக்கத்துலயே இருங்க."

மாமியிடம் சொன்னேன். மாமி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். தெருவில் எப்போதும் போலத்தான் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"நேத்திக்கு நீங்க என்ன கேட்டேள்?" என்றார்.

இனி மறைக்க முடியாது. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். மாமா என்றான், போயிட்டார் என்றான், தைரியமாக இருக்கச் சொன்னான். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி அழவில்லை.

"அதான் சிமிழ் தாண்டிப் போச்சா" என்றார்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பத்து நிமிஷத்தைப் போல நீளமான பத்து நிமிஷம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. கொலுப்படியில் இருந்த பொம்மைகள் எல்லாம் என்னையே பார்ப்பது போல இருந்தது. மாமி முழங்காலைக் கட்டிக்கொண்டு உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்லோகமா, கணவரின் பேரா, தெரியவில்லை.

போன் அடித்தது. மாமி எடுத்தார். எடுத்தவர் என்ன நினைத்தாரோ, என் தோளைப் பிடித்து இழுத்து, ரிசீவரை எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தார். இரைச்சல் இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலப் பையன் பேசினான்.

"நீங்க கேட்டதெல்லாம் நேக்குக் கேட்டுது மாமி. நான் சொன்னதுதான் உங்களுக்குக் கேக்கலை. மாமா நன்னா இருக்கார். சாதா வார்டுக்குப் போயிட்டார்னு நேத்திக்கே சொன்னேனே."

சாதா வார்டு. அந்த இரண்டு வார்த்தையைத்தான் சூரியன் விழுங்கியிருந்தது. மிச்சம் இருந்ததை வைத்து ஒரு மனிதரின் கதையையே நான் முடித்திருந்தேன்.

மாமி பேசி முடித்து ரிசீவரை வைத்ததும்தான் அழுதார். நான் ஓடிப்போய்ச் சிமிழை எடுத்து வந்து நீட்டினேன். மாமி எடுத்து இட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு விரல் இட்டுவிட்டார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாடிப்படி இறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க கேட்டது நெஜமாவே இருந்திருந்தாலும், நான் அதே கீழாத்து மாமிதானே?"

கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் கணவர் கார்த்திகையில் நல்லபடியாக ஊர் திரும்பினார். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வருகிற எந்தப் பெண்ணிடமும் நான் முகம் பார்த்துச் சிமிழ் நீட்டுவதில்லை. கணவர் இருக்கிறாரா இல்லையா என்பது என் வேலை இல்லை. முதல் வருஷம் ஓரத்தில் ஒதுங்கி நின்ற ஒரு அம்மாளுக்கு நீட்டியபோது இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அந்த அம்மாள் வெகு நேரம் சிமிழையே பார்த்துவிட்டு, துளி எடுத்துக்கொண்டார்.

இன்றும் ஒவ்வொரு நவராத்திரியிலும் சிமிழைக் கையில் எடுக்கும்போது, அன்றைக்கு ஒருவரைத் தாண்டிப் போன கை இதுதானே என்ற நினைப்பு வருகிறது. அது வரட்டும் என்றுதான் நானும் விட்டிருக்கிறேன்.