வேப்பமரத்தடிப் படம்

பேய், சகுனம் எதையும் நான் நம்பியதில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு லாரியோடு சுற்றிய காலத்தில், வேறு இடமில்லாமல் சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்து நன்றாகவே தூங்கியிருக்கிறேன். நீங்கள் சிரித்தாலும் சரி, இது நடந்தது.

இப்போது வடமதுரையில் ராஜாத்தி அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். மூடிப்போன கேம் சென்டரிலிருந்து ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கி என் கம்ப்யூட்டரில் மாட்டி, வீடியோ பார்த்துக் கற்று, அக்காவின் ஆடுகளை முகம் பார்த்துப் பெயர் சொல்ல அதைப் பழக்கியிருந்தேன். அவர் ஆடு படத்தில் இருந்தால் பெயர் வரும், இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று வரும்.

சினையாக இருந்த சிட்டுவை யாரோ ஓட்டிப் போய்விட்டார்கள். தாயில்லாக் குட்டியாகப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு, அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. விற்பதென்றால் அய்யலூர்ச் சந்தைக்குத்தான் வரும் என்று கம்ப்யூட்டரைத் தூக்கிப் போய், சந்தைக்கு எதிரே எனக்குத் தெரிந்த ஒருவரின் செல்போன் கடையில் வைத்து, சந்தை முழுக்கப் படமெடுத்து ஒவ்வொன்றாக அதில் போட்டேன். இல்லை, இல்லை, இல்லை. ஒரே ஒரு படத்துக்குச் ‘சிட்டு’ என்று வந்தது. அதில் ஆடே இல்லை. வேப்பமரத்தடி, வெறும் மண்.

“ஏலே, மண்ணப் பாத்து ஆடுங்குது. மொதல்ல ஒம் பொட்டிக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டு” என்றார் கூட வந்திருந்த அக்கா.

படத்தை வெட்டிப் போட்டேன், திரும்ப எடுத்துப் போட்டேன். சிட்டுதான்.

“செத்த நேரம் அங்க போயி நிப்போம், வாங்கக்கா.”

“வெறும் மண்ணுக்குக் காவலாக்கும்?” என்றவர், கூடவே வந்தார்.

வெயில் ஏறியது, கால் கடுத்தது, நான் நகரவில்லை. கடைசியில் ஒரு மினி லாரி வந்து சரியாக அந்த மண்ணிலேயே நின்றது. பின்கதவைத் திறந்தார்கள். அக்கா “சிட்டு” என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் உள்ளேயிருந்து கத்திக்கொண்டு குதித்து அவர் சேலையை முட்டியது. கொண்டுவந்தவன் என்னவோ உளறினான். அக்கா போட்ட சத்தத்தில் கூட்டம் கூடவும் கயிற்றை விட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்து அதே படத்தைப் போட்டேன். ‘இல்லை’ என்றது. அதே கார்டு, அதே படம், எதையும் நான் மாற்றவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அதைப் போட்டுப் பார்ப்பேன், ‘இல்லை’ என்று வந்ததும் டீ குடிக்கப் போய்விடுவேன்.

இன்று காலை ‘சிட்டு’ என்று வந்தது.

ஓடிப் பார்த்தேன். கொட்டகையில் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு நின்றது. அக்காவிடம் சொல்லவில்லை. பஸ் ஏறித் திண்டுக்கல் போய்ப் பெரிய பூட்டாக ஒன்று வாங்கி வந்து மாட்டிவிட்டு, கொட்டகை வாசலிலேயே பாயை விரித்திருக்கிறேன்.