பூட்டிய போனை மச்சானிடம் திருப்பிக் கொடுத்த கதை

அம்பத்தூர் எஸ்டேட்டில் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், திருப்பி அனுப்புகிற வேலை என்பேன். எங்கள் சின்னத் தொழிற்சாலைக்குப் போல்ட்டும் நட்டும் வந்து இறங்கியதும் எடுத்து அளந்து பார்ப்பேன். நூலளவு பிசகினாலும் சிவப்புச் சீட்டைக் கட்டி, வந்த வண்டியிலேயே ஏற்றிவிடுவேன். இருபது வருஷமாக இதே பிழைப்பு. அப்படிப்பட்ட நான் ஒரு செல்போனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் பத்து நாள் முழித்தேன் என்று சொன்னால், கூட வேலை செய்கிறவர்களே நம்ப மாட்டார்கள்.

போனைக் கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. பூந்தமல்லியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு லீவில் வந்தவன், வந்த மறுநாளே திருநின்றவூருக்கு வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அஞ்சு வருஷம் அங்கே இருந்தும் பேச்சு மட்டும் பூந்தமல்லியை விட்டு ஒரு அடி நகரவில்லை.

"இன்னா மாமா, கண்ணாடி ஒடஞ்ச போனை இன்னும் எத்தினி நாளு டேப்பு ஒட்டிகினு கீறீங்க? இந்தாங்க, உங்களுக்குன்னே வாங்கியாந்தேன்."

பெட்டியைத் திறந்தால் போன் பளபளவென்று இருந்தது. நான் அளந்து பார்க்கிறவன் இல்லையா, நாலு மூலையையும் தடவிப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை.

அவன் கிளம்பிப் போனதும் என் சிம்மை எடுத்து உள்ளே போட்டேன். இந்த சிம் இந்த போனில் வேலை செய்யாது என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. சிம்மைச் சட்டையில் துடைத்துப் போட்டேன். மனைவி வாங்கி ஊதிப் போட்டாள். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். அவளுடைய சிம்மையும் போட்டுப் பார்த்தோம். போன் தன் பிடியை விடவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் செல்போன் கடைக்குப் போனேன். ரிப்பேர் பார்க்கிறது ஒரு பெண்தான். கையில் வாங்கி, இரண்டு தட்டு தட்டியதுமே சிரித்தாள்.

"ஃபாரின்லேர்ந்து வந்துச்சாண்ணா? இது லாக் போனு. அந்த ஊரு கம்பெனி சிம்மு போட்டாதான் பேசும்."

"தொறக்க முடியாதாம்மா?"

"நான் ஏதாச்சும் பண்ணித் தரலாம். நாளைக்கு ஒரு அப்டேட்டு வந்தா திரும்பப் பூட்டிக்கும், அப்பால என்னைத் திட்டுவீங்க. ஒயுங்கா தொறக்கணும்னா வாங்குனவரே அங்க போய் அந்த கம்பெனில கேக்கணும். அவரு கையில திருப்பிக் குடுத்துடுங்கண்ணா."

கூலி ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. திருப்பிக் கொடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாள். என் மாமியார் வீட்டுக்கும் எனக்கும் நடுவில் திருப்பிக் கொடுப்பது என்ற ஒரு சங்கதி என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

எங்கள் கல்யாணத்துக்குச் சீராக ஒரு பீரோ வந்தது. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், புதுக் கத்தி மாதிரி எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கிற வயசு. பீரோ கதவின் அடியில் ஒரு கீறல். கடைக்காரனிடம் மாற்றிக்கொண்டுதானே வரப்போகிறார்கள் என்ற நினைப்பில், வந்த மினி லாரியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன். சீர் திரும்பி வந்து இறங்கியதை பூந்தமல்லியில் அந்தத் தெருவே நின்று பார்த்திருக்கிறது. மாமனார் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையதுதான். பொருளைத் திருப்பி அனுப்பினால் விஷயம் அந்தப் பொருளோடு போகும் என்று நினைத்திருந்தேன்.

ஆகவே கடைக்காரப் பெண் சொன்னதை வீட்டில் சொன்னதும் மனைவி பதறிவிட்டாள்.

"இன்னொரு தபாவா? அவன் ஆசையா வாங்கியாந்துகீறான். ஊருக்குப் போற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க."

"அவன் போயிட்டா இதை யாரு தொறக்கறது?"

"தொறக்காட்டி போவுது. எங்க அம்மா மூஞ்சியை நான் பாக்கணும்ல."

அவளுக்கும் நியாயம் இருந்தது. அதனால் இரண்டு போனோடு அலைந்தேன். புதுசு சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி. டேப்பு ஒட்டின பழசு பேன்ட் பையில். பழைய போனிலிருந்து நெட்டை வாங்கித்தான் புதுசு மூச்சு விட்டது. ரயிலில் ஆவடி தாண்டுவதற்குள் பழசுக்குச் சார்ஜ் இறங்கிவிடும், புதுசு வெறும் டார்ச் லைட் ஆகிவிடும். அதற்கு முன்னால் யாராவது கூப்பிட்டால் கூட்டத்தில் பேன்ட் பைக்குள் கையை விட்டுத் துழாவுவேன். பக்கத்தில் நிற்கிறவர் தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

மச்சான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாமியார் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மாமனார் இப்போது இல்லை. மாமியார் வடை சுட்டுச் சுட்டு இலையில் போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் என் சட்டைப் பையைப் பார்த்துச் சந்தோஷமாகிவிட்டான்.

"போனு எப்டி கீது மாமா?"

"அருமையா கீது மச்சான்" என்றேன். அது வரைக்கும் பொய்யில்லை. இருந்தது அருமையாகத்தான்.

"அம்மா, மாமா போன்ல சவுண்டு எப்டி வருதுன்னு கேளு" என்று அவன் என் நம்பரை அழுத்தினான்.

சட்டைப் பை சும்மா இருந்தது. பேன்ட் பைக்குள் பழசு அலறியது. வலது கை முழுக்கச் சாம்பார், எடுத்து அடக்கவும் முடியவில்லை. முழுப் பாட்டும் பாடி முடித்துத்தான் ஓய்ந்தது. மாமியார் கரண்டியோடு சமையல்கட்டு வாசற்படியில் வந்து நின்றார்.

நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன், கடைக்காரப் பெண் சொன்னதையும் சேர்த்து. மச்சான் குனிந்தபடி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க மாசா மாசம் கட்டற பிளான்ல எடுத்தேன் மாமா. இங்க பேசாதுன்னு நெனச்சே பாக்கல. குடுங்க, நான் எடுத்துகினு போறேன்."

"திருப்பிக் குடுக்கறீங்களா மாப்ளே?" என்று மாமியார் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் மனைவி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"பக்கத்து ஊட்லேர்ந்து குழம்பு வந்தா பாத்திரத்தை வெறுமனே குடுப்பமா? ஒரு புடி சக்கரையாவது போட்டுத்தான குடுப்போம். வெறுமனே குடுத்தாதான் திருப்பிக் குடுத்ததா அர்த்தம். இரு, இதுல நெரப்பித் தரேன்."

சொன்னவள் கேமராவைத் திறந்து அம்மாவின் எதிரில் நீட்டினாள். மாமியார் போட்டோ என்று நினைத்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ரேஷன் கார்டுக்கு நிற்பது மாதிரி விறைப்பாக நின்றார். வீடியோம்மா, பேசு என்றதும் என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்டியா?" என்றார். மகன் இரண்டடி தள்ளி உட்கார்ந்து அப்போது வடைதான் தின்றுகொண்டிருந்தான். எல்லாரும் சிரித்துவிட்டோம். மாமியாரும் சிரித்தார்.

அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. வத்தக்குழம்பு வைக்கிற விதத்தை முழுசாகச் சொன்னார். உப்பு எவ்வளவு என்று மகன் கேட்டதற்கு, "எவ்ளோன்னா? கையில எடுத்துப் போட வேண்டிதான்" என்று திட்டினார். தலைக்கு எண்ணெய் வைக்காததற்கு ஒரு திட்டு. கல்யாணத்தைத் தள்ளிப் போடுவதற்கு நீளமாக ஒரு திட்டு. சாயங்காலம் வரைக்கும் படம் பிடித்தோம். கடைசியில் என்னையும் பேசச் சொன்னார்கள். "பொருள்ல குறை ஒண்ணும் இல்ல மச்சான், பூட்டு மட்டும்தான் குறை" என்றேன். என் வேலைக்கு அதற்கு மேல் பாராட்டத் தெரியாது. மச்சான் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அன்று எனக்கு வந்த நிம்மதி லேசுப்பட்டது இல்லை.

நாலு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டான்.

"மாமா, பிளான் முடிஞ்சு தொறந்துட்டாங்க. இப்ப எந்த சிம்மு போட்டாலும் பேசும்."

"ரொம்ப சந்தோஷம் மச்சான். எங்க பக்கம் யாராச்சும் வந்தா குடுத்து அனுப்பு."

அவன் குரல் இறங்கியது.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு வேற ஒண்ணு புதுசா வாங்கி அனுப்பறேன். இதுல அம்மா கீறாங்க. தெனம் சாப்பிடும்போது எதுக்க வெச்சுகினுதான் சாப்பிடறேன்."

வீடியோவை எல்லாம் வேறு போனுக்கு மாற்றிக்கொள்ள அஞ்சு நிமிஷம் போதும். எனக்கே தெரிகிற விஷயம், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அவன் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"அது உன்னுதுதான் மச்சான், வெச்சுக்க" என்றேன்.