கிளியக்கா கூட்டிய சபை

எங்கள் ஊரில் வீடு வீடாகக் குப்பை வாங்க வருகிறவர் கிளியம்மாள். வயது ஐம்பத்திரண்டு. ஊராட்சிக் கணக்கில் தூய்மைக் காவலர், எங்களுக்குக் கிளியக்கா. காலையில் அவருடைய பேட்டரி வண்டி தெருவுக்குள் நுழைந்தால், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம். காரணம் உண்டு. ஊராட்சி வீட்டுக்கு இரண்டு வாளி கொடுத்திருந்தது. பச்சை, மக்கும் குப்பைக்கு. நீலம், மக்காத குப்பைக்கு. நான் பச்சையில் அரிசி கொட்டி வைத்தேன். எதிர்வீட்டில் நீலத்தில் தண்ணீர் பிடித்தார்கள். குப்பையை எல்லோரும் ஒரே பையில் கட்டித்தான் நீட்டினோம்.

அக்கா பையை அப்படியே வாங்க மாட்டார். அங்கேயே அவிழ்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி உள்ளே இருப்பதைச் சொல்லுவார்.

"மதி, நேத்து பிரியாணியா? எலும்பும் ஷாம்பு பாக்கெட்டும் ஒண்ணாக் கீது, பாரு."

இரண்டு நாள் மானம் போனதும் நான் அரிசியை டிரம்முக்கு மாற்றிவிட்டேன்.

ஆனால் பிரித்ததை வைக்க ஊரில் இடமில்லை. டிராக்டர் வந்து எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி ஏரிக்கரையில் கொட்டும். அங்கிருந்து முப்பதடி தள்ளி எங்கள் குடிநீர்க் கிணறு. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் குவியல் முழுக்கத் தண்ணீருக்குள். அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள். அப்புறம் எங்கள் குழாயில்.

"நான் பிரிச்சத என் கண்ணு முன்னாலயே கலந்து, நான் குடிக்கிற தண்ணிலயே கொட்றாங்களே," என்று அக்கா பொருமுவார். மழைக்கு முன்னால் குவியலை எடுக்க வேண்டும், பிரித்த குப்பையை வைக்கிற கொட்டகைக்கு இடம் ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் கிராம சபையில் தீர்மானம் போட்டாக வேண்டும்.

ஆகஸ்ட் பதினைந்து சபைக்கு நான் போகவில்லை. நைட் ஷிப்ட் அலுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்ததைப் போனவர்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். அக்கா எழுந்து ஏரிக்கரைக் கதையை எல்லாம் கொட்டித் தீர்த்தாராம். ஊராட்சிச் செயலர் வெங்கடேசன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா. ஆனா கோரம் இல்லியே," என்றாராம்.

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இன்னாது, கோரம் இல்லியா? செத்த கோழி கெடக்குது, பாம்பர்ஸ் கெடக்குது, அது கோரம் இல்லியா? எழுந்து வா சார், வந்து பாத்துட்டுச் சொல்லு!"

சொன்னதோடு விடவில்லை. அவரைக் கையோடு ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் நிறுத்திவிட்டார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அவர் விளக்கினார்: "ஐயோ, நான் அந்தக் கோரத்தைச் சொல்லலம்மா. கோரம்னா ஆள் கணக்கு. நூறு பேர் சபையில உக்காரணும். இருபத்தேழு பேர வெச்சுத் தீர்மானம் போட முடியாது."

பின்னால் வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "நூறு பேர் போதுமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சபை அக்டோபர் இரண்டு. அதை விட்டால் மழைதான். முன்பெல்லாம் சபை வருகை நோட்டு வீட்டுக்கே வரும், வாசலில் நின்றே கையெழுத்துப் போட்டுவிடுவோம். இந்த வருஷம் வீடியோ எடுக்கச் சொல்லி உத்தரவு. தலைகள் தெரிந்தாக வேண்டும். ஆறு வாரம் அக்கா ஒவ்வொரு வாசலிலும் சபையைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் "வரேன்க்கா" என்றோம். எங்கள் ஊர் "வரேன்" எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா?

அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுத பூஜை. அன்று காலையே தெருத் தெருவாகச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு வண்டி தெருவுக்கு வராது. பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துல நிக்கும். குப்பைய அங்க எத்துக்கினு வாங்க."

செயலர் பதறினார். "மேல புகார் போச்சுன்னா உன் வேலை போயிடும்மா."

"போவட்டும் சார். கிணறு போச்சுன்னா இன்னா பண்றது?"

உடைத்த பூசணிக்காயும் வாழை இலையும் வாடின பூவுமாக எந்த வீட்டிலும் வாளி மூடவில்லை. மறுநாள் சபை நடக்கிற பள்ளிக்கூடத்துக்குத் திட்டிக்கொண்டே வந்தோம். நான்தான் அதிகம் திட்டினேன். வந்தவர்களை அக்கா நிற்க விடவில்லை. "மொதல்ல உக்காரு, அப்பறம் வாளிய வாங்கறேன்." லைன் வீட்டில் குடியிருக்கிற ஆறுமுகநயினார் தயங்கி நின்றார். "எக்கா, எனக்கு ஓட்டு நாங்குநேரியிலல்லா கெடக்கு. என்னையச் சேக்க மாட்டாவளே?"

"கணக்குல சேக்கலன்னா இன்னா? குப்பை இங்கதானே போடுற, உக்காரு."

ஓட்டு உள்ளவர்களை மட்டும் செயலர் இரண்டு முறை எண்ணினார். நூற்றுப் பதினான்கு. குவியலை எடுப்பதற்கு எல்லாக் கையும் உயர்ந்தது. அடுத்து, "அப்போ கொட்டகை எங்க போடலாம்?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் என்றதும் ஒரு வரிசை எழுந்து கத்தியது. கோயில் பக்கம் என்றதும் இன்னொரு வரிசை. நான்கு இடம் சொன்னார், நான்கும் வேண்டாம். இடம் முடிவாகாமல் குவியலை எடுக்க முடியாது என்றார். சிலர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். பதினைந்து பேர் போய்விட்டால் நூறு இருக்காது, எல்லாம் பாழ்.

"எங்க வூட்டுக்குப் பின்னால புறம்போக்கு கீதே," என்றார் அக்கா. "அங்க போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அக்கா வீட்டுக்கு அடுத்தது என் வீடு. அவருக்குப் பின்புறம் என்றால் எனக்கும் பின்புறம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபத்தில் உட்கார்ந்தபடியே கத்தினேன். "நாறாதாக்கா?"

"பிரிச்சுக் குடுத்தா நாறாது. நாறுச்சுன்னா மொதல்ல என் மூக்குக்குத்தான் தெரியும். அன்னிக்கு எந்த வூட்டு வாளின்னு தெருவுல நின்னு பேர் சொல்லுவேன்." செயலர் பக்கம் திரும்பினார். "முன்மொழியறது நான்தான். எழுதுங்க சார்."

"வழிமொழியறது யாரு?" என்று அவர் கேட்டார்.

கிளம்பினவர்கள் வாளியும் கையுமாக நின்றார்கள். அக்கா யாரையும் கெஞ்சவில்லை, என் பக்கம்கூடத் திரும்பவில்லை. எனக்கு ஆத்திரம் கொஞ்சமும் அடங்கவில்லை; ஆனால் என் குழாயில் வருவதும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். எழுந்து நின்று, "மதிவதனி" என்று என் பெயரைச் சொன்னேன்.