பன்னிரண்டு பேருக்கும் இடமிருக்கிறது

அன்னக்கொடிக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களில் யார் கூடையில் எத்தனை ராத்தல் தேறும் என்பதைத் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவாள். ஆனால் எட்டாம் வகுப்புப் பரீட்சையில் இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது அந்தப் பாழாய்ப்போன கணக்குதான்.

அது 1957. அவளுக்கு வயது இருபத்தொன்பது. எட்டாவது தேறினால் ஆசிரியப் பயிற்சியில் சேரலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டீச்சராகலாம். அடுத்த வருஷமென்றால் வயது கடந்துவிடும். இந்த மூன்றாவது பரீட்சையும் போனால் அவள் கனவும் போயிற்று!

புருஷன் தவசி ஜீப்பு ஓட்டுகிறவன், எட்டாவது தேறியவன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இறங்கும்போது அவளை முன்னால் உட்காரவைத்து, மடியில் சிலேட்டையும் கொடுத்தான்.

"பத்துப் பொம்பளைக ஒரு ஏலக்காட்டுல ஆறு நாளையில காய் எடுக்குறாக. பதினஞ்சு பேரு எடுத்தா எத்தனை நாளு?"

"அதே ஆறு நாளுதான் மாமா."

"எப்படி?"

"அஞ்சாம் நாளு விளையுற காயை நாலாம் நாளே பறிச்சா, பிஞ்சுன்னு கங்காணி மூஞ்சியிலல்ல எறிவாரு?"

தவசி பிரேக்கை மிதித்தான். "போன வருசமும் இப்படித்தான் எழுதுனியா?"

"ரெண்டு பக்கம் எழுதுனேன்."

பின்னால் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்த மருதாயி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அன்னக்கொடியோடு காய் எடுக்கிறவள் அவள். "அவ சொல்றதுதான் நெசம் அப்பு! பரிச்சை வச்சவன் காட்டுப் பக்கம் வந்திருக்கானா?"

"கணக்குல வர்ற காயெல்லாம் ஒண்ணா விளைஞ்சிரும் ஆத்தா!" என்றான் தவசி. "கணக்குல வர்ற பொம்பளைக்கு இடுப்பு வலிக்காது. வெத்தலை போட உக்கார மாட்டா. உன்னை மாதிரி வாயும் அடிக்க மாட்டா!"

ஜீப்பே சிரித்தது. அன்னக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் கடந்தன. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு சிலேட்டில் விழுந்தது.

"அதை அவுக சொல்லலையே மாமா. சொல்லாம விட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

தவசியின் நெஞ்சு உருகிவிட்டது. "சொல்லலைன்னா நீயே சொல்லிக்க புள்ள. முதல் வரியில அதை எழுதிப்புட்டு அடுத்த சோலியப் பாரு."

அவள் முந்தானையால் சிலேட்டைத் துடைத்தாள். எல்லாக் காயும் விளைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு ஆறு நாள் வேலை என்றால், ஒருத்தியே செய்ய அறுபது நாள். அந்த அறுபதைப் பதினைந்து பேர் பங்கிட்டால்...

"நாலு! மாமா, நாலு நாளு!"

பரீட்சை நாள் வந்தது. ஏலக்காயே இல்லை, கிணறு! எட்டு ஆட்கள் ஒரு கிணற்றைப் பதினைந்து நாளில் வெட்டினால், பன்னிரண்டு ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? அன்னக்கொடிக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு கிணற்றுக்குள் பன்னிரண்டு மண்வெட்டியா? ஒருவன் ஓங்கினால் இன்னொருவன் மண்டையல்லவா உடையும்! முருகனை நினைத்துக்கொண்டு முதல் வரியை எழுதினாள்.

"பன்னிரண்டு பேருக்கும் கிணற்றுக்குள் இடமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்."

அதன்பின் பேனா நிற்கவில்லை. ஓர் ஆளுக்கு நூற்றிருபது நாள். பன்னிரண்டால் வகுத்தால் பத்து.

முடிவு வந்த அன்று, அத்தனை வளைவிலும் ஹாரனை அடித்துக்கொண்டே மலையேறினான் தவசி. காய்க்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். அதைவிட இனிய அழுகையை அந்த மலை கேட்டதில்லை!

பயிற்சிக்குப் புறப்பட்ட காலையில், வழியனுப்ப மருதாயியோடு ஒரு கூட்டமே ஜீப்பில் ஏறிக்கொண்டது. தவசி எண்ணிப் பார்த்தான். தன்னோடு பதினொரு பேர். தகரப்பெட்டியும் கையுமாகக் கீழே நின்ற அன்னக்கொடி திகைத்தாள்.

"எனக்கு எங்க மாமா இடம்?"

"பன்னிரண்டு பேருக்கும் இருக்குன்னு வச்சுக்குவோம்," என்று தவசி கை நீட்டினான். "வெரசா ஏறுங்க டீச்சரம்மா!"