பின்சீட்டில் ஒரு கார்டு

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், உச்சிவெயிலில், என் மாமனார் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு கன்டெய்னர் லாரிகளை நிறுத்திய காட்சி இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அவருக்கு நாற்பது அடி முன்னால் எங்கள் புதுக் கார் மூச்சடங்கி நின்றது. வாங்கி இருபத்திரண்டு நாள்தான். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மாமியார் இன்னும் அனுமதி தரவில்லை. நான் வியர்வையில் அதோடு ஒட்டிப்போயிருந்தேன். ஒரு லாரி டிரைவர் தலையை நீட்டி, "இன்னா நைனா, இங்க எங்க ரயிலு வருது?" என்று கேட்டார். மாமா கொடியை இறக்கவில்லை. "வண்டி நடுவழியில நின்னா பின்னாடி போயி காவல் நிக்கணும். அது ரூலு" என்றார்.

மாமா சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். மணலி பெட்ரோலையும் எண்ணூர் நிலக்கரியையும் ஏற்றிப்போகும் ரயில்களின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்தே முப்பத்து நான்கு வருஷத்தைக் கழித்தவர். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கார் வாங்கினாரே ஒழிய, ஓட்டக் கற்றுக்கொள்ள மறுத்துவிட்டார். ஓட்டுவது டிரைவர் வேலையாம். டிரைவர் நான். அவர் பின்சீட்டில் கொடிகளோடும் ஒரு நீள நோட்டோடும் உட்காருவார். அவர் "ரைட்" சொல்லாமல் நான் நகரக்கூடாது. வழியில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு எழுதுவார். '10.17. ஓட்டுநர் தேவையில்லாமல் ஹாரன்.' '10.31. ஓட்டுநர் செல்போனில் பேச்சு. நண்பர் போலும். சிரிப்பு.' இரவுச் சாப்பாட்டில் இதை அவர் உரக்கப் படிக்க, என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக எந்த நோட்டிலும் பதிவில்லை.

கார் நிற்பதற்கு முன்னறிவிப்பே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடும். அரைமணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஷோரூமுக்கு இழுத்துப்போனால் மறுநாள் காலை முதல் சாவியிலேயே உயிர்பெற்று எங்கள் மானத்தை வாங்கும். "வண்டி பக்காவா கீது சார். ஓட்டுற பழக்கம்தான் கொஞ்சம்..." என்று சர்வீஸ் மேனேஜர் என்னைப் பார்த்தபடி இழுப்பார். மாமாவும் என்னைப் பார்ப்பார். நான்கு தடவை இதே நாடகம். நான்காவது தடவை எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு ஒருநாள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே நின்றது. கேட் இன்னும் மூடவில்லை. மூடுவதற்கான மணி மட்டும் அடித்தது. பின்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் மாமியார். அன்று மாமா கொடியைத் தொடவில்லை. செருப்பை விட்டுவிட்டு இறங்கி, நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, அறுபத்தோரு வயதில், தனியாளாய்க் காரைத் தள்ள ஆரம்பித்தார். மீன் கூடையோடு நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்து கைகொடுத்தார்கள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவர் நடைபாதையில் உட்கார்ந்தார். நேரம்கூடக் குறிக்கவில்லை. "இத்த வுடமாட்டேன் மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

வக்கீல் வைக்காமல், தாமே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தார். புதுக் காரும் நஷ்டஈடும் கேட்டு, சாட்சியாக நோட்டின் நகலை முழுசாக இணைத்தார். அங்கேதான் வினை. கம்பெனி வக்கீல் எழுந்து, என் ஹாரனையும் செல்போனையும் சிரிப்பையும் ஒவ்வொன்றாகப் படித்தார். "ஓட்டுநர் கவனமில்லாதவர் என்று மனுதாரரே தம் கையால் எழுதியிருக்கிறார்" என்று முடித்தார். நான் பின்வரிசையில், ஊரறிந்த குற்றவாளியாகக் குறுகி உட்கார்ந்திருந்தேன். தலைவராக இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி, "என்ன பெரியவரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

மாமா நிமிர்ந்து நின்றார். "அம்மா, டிரைவர் தப்பு பண்ணா டிரைவர்னு எழுதிக்கீறேன். எஞ்சின் தப்பு பண்ணா எஞ்சின்னு எழுதிக்கீறேன். மாப்ளைய காப்பாத்தணும்னு நெனச்சிருந்தா அந்த ஹாரனு, செல்போனெல்லாம் எழுதியே இருக்கமாட்டேனே! வண்டி நின்ன பதினோரு தடவையும் அவரு கரீட்டாத்தான் ஓட்டிக்கினு இருந்தாரு."

அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டார். நானோ, அந்தக் கடைசி வாக்கியம் பதிவில் ஏறியதா என்று வெளியே வந்ததும் குமாஸ்தாவிடம் விசாரித்தேன்.

ஆணையம் அனுப்பிய பொறியாளர் பானெட்டைத் திறப்பதற்கு முன் நோட்டைத் திறந்தார். கார் நின்றதெல்லாம் நடுப்பகலில், அரைமணி நேரம் ஓடிய பிறகு. ஷோரூமில் சோதித்ததெல்லாம் காலைக் குளிர்ச்சியில். மேனேஜரைப் பக்கத்தில் நிற்கவைத்து, பட்டப்பகலில் எஞ்சினை ஓடவிட்டார். முப்பத்தேழாவது நிமிடம் அது எல்லோர் முன்னாலும் அணைந்தது. சூடேறினால் செத்துப்போகும், கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்றுதான் காரணம். மாமா சந்தோஷப்படவில்லை, கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

புதுக் கார் கிடைக்கவில்லை. கெட்ட பாகத்தையும் அதன் வயர்களையும் இலவசமாக மாற்றி, வாரண்டியை நீட்டித்து, மனுதாரரின் மன உளைச்சலுக்கு ஒரு தொகையும் தரும்படி உத்தரவானது. நான் முணுமுணுத்தேன், மாமாவுக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தக் கார் இன்றும் என்னிடம்தான் ஓடுகிறது, ஒருநாளும் வழியில் நின்றதில்லை. மாமா இப்போது வீட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

அந்தக் காசோலைப் பணம் கணக்கில் சேர்ந்த அன்று, மாமா முழுத் தொகையையும் எடுத்து ஒரு கவரில் போட்டு என் முன்னால் நீட்டினார். "இது எனக்கு எதுக்கு மாமா? மன உளைச்சல் உங்களுக்குத்தானே?" என்றேன்.

"எனக்கு இன்னா உளைச்சல்? பின்னாடி குந்திக்கினு எழுதிக்கினு வந்தேன். உளைச்சல் பூரா உங்களுக்குத்தான் மாப்ள" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மாமியார் காதில் விழாதபடி சொன்னார்: "உளைச்சல்ல பாதி காரு குட்த்துச்சு. மீதி நான் குட்த்தேன். புடிங்க."